அமெரிக்க நாட்டில் கட்சிப் பூசலும் குடியாட்சிச் சீர்திருத்தமும்

தோற்றுவாய்

மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் முறை குடியாட்சி எனப்படும். மக்கள் பலராதலின் அவர்தம் கருத்தும் பலவாம். கருத்துப் பலவாயவிடத்து, ஒத்த கருத்துடையார் ஒருங்கு கூடுதலும் ஒவ்வாதாரை எதிர்த்தலும் இயல்பே. இங்ஙனம் கூடினார் கூட்டமே கட்சியாகும். ஆகவே, குடியாட்சி நிலவும் நாட்டிற் கட்சியும் நிலவும். ஆயினும், கட்சிப் பற்று முதிர்ந்து கட்சி வெறியாக மாறுங்கால், நாட்டின் நலம் பின்னிடக் கட்சியின் நலமே முன்னிற்கும். மரத்தைத் துணையாகக் கொண்டு தழைத்த புல்லுருவி அம்மரத்தையே உலர்த்திவிடுதல் நாம் கண்டறிந்ததன்றோ? இந்நோய்க்கு மருந்து யாது என்னும் வினாவை அமெரிக்க ஐக்கிய மாகாணத்து மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் கண்ட மருந்துகள் பல. அவற்றுட் சில நோயைத் தணித்தன. சில புது நோயைப் பிறப்பித்தன. அவ்வரலாற்றை ஒருவாறு எடுத்துரைத்து, அதனால் நாம் பெறத்தக்க படிப்பினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்சியை அஞ்சியோர் கட்சி கண்டமை

1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற் கூடிய சான்றோர் வகுத்த அரசியலமைப்புச் சட்டத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை படிப்பினும், கட்சிகளைப் பற்றிய குறிப்பு ஒன்றும் அதிற் காணப்படாது. அவர்கள் கட்சியை அறியாதாரல்லர். இங்கிலாந்தின் வரலாற்றை நன்கு கற்றவராதலின் அதனை அஞ்சினர். அச்சட்டத்தை ஆதரித்து அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் மாடிசன் எழுதிய கட்டுரையொன்று இவ்வச்சத்தைத் தெளிவாக ஆராய்கின்றது. கட்சி மனப்பான்மை மக்கள் இயற்கையிலேயே வேரூன்றியது. உடையாரும் இல்லாரும், கடன் கொடுத்தாரும் கடன் பட்டாரும் ஒரு தன்மையாக எண்ணுதல் அரிது. உரிமையைப் பறித்தாலன்றிக் கட்சியை வேரறுத்தல் இயலாது. அங்ஙனம் பறித்தலோ நோயினும் கொடிய மருந்தாய் முடியும். ஆதலின் அதன் தீய விளைவுகளைக் கட்டுப்படுத்துவதே அறிவுடைமை என்பது அவர் கருத்து. நாடு பரந்து கிடப்பின் கூட்டங்கள் பலவாகும். பலவாயின் எந்த ஒரு கூட்டமும் பிறவற்றை எளிதில் அடக்கியாள மாட்டாது என்று அவர் நம்பினார்.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. வாஷிங்டன் முதற் குடியரசுத் தலைவராக விளங்கிய காலத்திலேயே அவர்தம் மந்திரிகளுள் இருவர் மாறுபட்டனர். பொக்கிஷ மந்திரியாகிய ஹாமில்டன் வணிகமும் கைத்தொழிலும் ஓங்கவேண்டும் என்றும், மத்திய அரசாங்கம் வலிமையுற வேண்டும் என்றும் கருதி, 1791இல் தேசியப் பாங்கு ஒன்றை நிறுவச் செய்தார். அயல்நாட்டு மந்திரியாகிய ஜெபர்சனோ, உழவரே குடியரசின் உயிர்நிலை என்றும், பணமுடையார் கையில் அரசாங்கம் சிக்குமாயின் உரிமை அழியும் என்றும் அஞ்சினார். மாடிசன் ஜெபர்சனோடு சேர்ந்தார். கட்சியின் கேட்டை ஆராய்ந்த பேரறிஞரே ஐந்தாண்டிற்குள் ஒரு கட்சியைத் தோற்றுவித்தார் இருவருள் ஒருவராயினார்! ஹாமில்டன் பக்கத்தார் கூட்டாட்சிக் கட்சியார் எனவும், ஜெபர்சன் பக்கத்தார் ஜனநாயகக் குடியரசுக் கட்சியார் எனவும் பெயர் பெற்றனர். பிலிப் பிரெனோ என்னும் கவிஞருக்கு ஜெபர்சன் தம் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் பதவி அளித்தார். அக்கவிஞர் நடத்திய பத்திரிகையோ ஜெபர்சன் அங்கம் வகித்த அரசாங்கத்தையே தாக்கி எழுதியது. இவற்றையெல்லாம் கண்டு மனம் வெதும்பிய வாஷிங்டன், 1796இல் பதவியை விட்டு நீங்குங்காலத்துத் தம் நாட்டாருக்கு விடுத்த விடையுரையில், கட்சி மனப்பான்மையின் தீங்குகளை நெடிது விளக்கி எச்சரித்தார். நாடு அவரை வணங்கிற்று. அவர்தம் எச்சரிக்கையைக் கைக்கொள்ளவில்லை.

வெறி எவ்வளவில் ஏறிற்று என்பதற்கு 1798ஆம் ஆண்டின் ராஜத்துரோகச் சட்டம் சான்றாகும். அரசாங்கத்தையும் காங்கிரஸ் சபைகளையும் குடியரசுத் தலைவரையும் பற்றிப் பொய்யும் பழியும் எழுதுவோரைச் சிறையிடலாம் என்று அச்சட்டம் விதித்தது. உபதலைவரைப் பழித்தலைக் குற்றமென அது கூறவில்லை. ஏனெனில் அப்பொழுது உபதலைவராக இருந்தவர் எதிர்க்கட்சித் தலைவராகிய ஜெபர்சன்! தலைவர் ஜான் ஆடம்ஸின் பதவிக்காலம் முடியும் நாளுக்கு முதல் நாளே அச்சட்டமும் காலாவதியாகுமாறு வகுக்கப்பட்டிருந்தது. வெர்மாண்டு மாகாணத்துப் பிரதிநிதியாகிய மாத்யூ லயன் என்பவர் அச்சட்டத்தின்படி நான்கு மாதம் சிறையிலிடப்பட்டார். அவர்தம் தொகுதி மக்களோ அவர் சிறையிலிருக்கும்போதே அவரை மீண்டும் தெரிந்தெடுத்தனர்.

1800ஆம் ஆண்டுத் தேர்தலும் முதற் சீர்திருத்தமும்

அரசியலமைப்பை வகுத்தோர் கட்சியை எண்ணாமல் விட்டதன் விளைவு 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் வெளிப்பட்டது. அந்நாட்டு மக்கள் குடியரசுத் தலைவரை நேரே தெரிந்தெடுப்பதில்லை. மாகாணந்தோறும் அமர்த்தப்படும் தெரிவாளரே வாக்களிப்பர். பழைய விதிப்படி ஒவ்வொரு தெரிவாளரும் இருவருக்கு வாக்களிக்க வேண்டும். மிகுதியாகப் பெற்றவர் தலைவர், அடுத்தவர் உபதலைவர். கட்சியில்லாத உலகில் இஃது அழகிய முறையே. ஆனால் ஜெபர்சன் கட்சித் தெரிவாளர் அனைவரும் கட்டுப்பாடாக நின்று ஜெபர்சனுக்கும் ஆரன் பர் என்பவருக்கும் வாக்களித்தனர். இருவரும் 73 வாக்குகள் பெற்றுச் சமமாயினர். எவர் தலைவர், எவர் உபதலைவர் என்பது விளங்கவில்லை. வழக்குப் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. அங்கே 35 முறை வாக்கெடுத்தும் முடிவு ஏற்படவில்லை. 36ஆம் முறை, 1801 பிப்ரவரி 17ஆம் நாள், ஜெபர்சன் வென்றார். அவ்விறுதி வாக்கெடுப்பில் வெர்மாண்டு மாகாணத்தின் வாக்கை அவருக்கு அளித்தவர், முன்னர்ச் சிறையிருந்த மாத்யூ லயனே.

புதிய தலைவர் பதவியேற்கும் சடங்கைக் காண விரும்பாத ஆடம்ஸ் அன்று விடியுமுன்னரே தலைநகரை விட்டு வண்டியேறினார். அவர்தம் மனம் எரிந்ததேனும், ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒரு படையும் திரளவில்லை. ஆளுங் கட்சி தோற்றது, தோற்றதனால் வெளியேறிற்று. உலக வரலாற்றில் இஃது அந்நாளில் அரிய காட்சியாகும். ஜெபர்சனும் தம் முதற் சொற்பொழிவில், கருத்து வேற்றுமைகள் எல்லாம் கொள்கை வேற்றுமைகள் ஆகா என்றும், இரு கட்சியாரும் ஒரு குடியரசின் மக்களே என்றும் கூறி ஆற்றினார். 1804இல் நிறைவேறிய பன்னிரண்டாந் திருத்தம், தலைவருக்கும் உபதலைவருக்கும் தனித்தனியே வாக்களிக்குமாறு விதித்தது. கட்சி என்னும் பெயரைச் சொல்லாமலே, கட்சி என்பது உண்டு என்பதை அரசியலமைப்பு அன்று ஒப்புக்கொண்டது.

இணக்கம் என்னும் பெயரால் மௌனம்

காலப்போக்கில் சொத்துடையார்க்கே வாக்குரிமை என்னும் விதி மாகாணந்தோறும் தளர்ந்து, வெள்ளையர் ஆடவர் ஏறக்குறைய அனைவரும் வாக்குரிமை பெற்றனர். 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சன் தலைவர் தேர்தலில் வென்றது முதல் கட்சிகள் ஊர்தோறும் கிளை பரப்பின. ஊர்வலமும் பந்தமும் கொடியுமாகத் தேர்தல் ஒரு திருவிழாவாயிற்று. இதனால் விளைந்த நன்மையையும் மறைத்தல் கூடாது. ஏழை உழவனையும் தொழிலாளியையும் அரசியலுக்கு இழுத்து வந்தவை கட்சிகளே. 1876ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குரிமையுடையாருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர் என்பர்.

இனி, இக்கட்சிகள் பேசியவற்றைவிடப் பேசாது விட்டதே பெரிது என்பதை நாம் நோக்குதல் வேண்டும். விக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்னும் இரண்டிலும் வடநாட்டாரும் தென்னாட்டாரும் கலந்திருந்தனர். அடிமை வாழ்வைப் பற்றிய வினாவை எழுப்பினால் தம் கட்சியே இரண்டாகப் பிளக்கும் என்று தலைவர்கள் அஞ்சினர். அடிமைத்தனத்தை எதிர்த்து மக்கள் அனுப்பிய விண்ணப்பங்களைப் படியாமலும் ஆராயாமலும் ஒதுக்கிவிட வேண்டும் என்று 1836இல் பிரதிநிதிகள் சபை விதி செய்தது. முன்னாள் குடியரசுத் தலைவரும் அப்பொழுது சபை அங்கத்தினருமாகிய ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆண்டுதோறும் அவ்விதியை எதிர்த்துப் போராடி, 1844இல் அதனை நீக்குவித்தார். அவ்வெட்டாண்டும் சபையில் அவ்வினாவைப் பற்றி ஒருவகை அமைதி நிலவியது உண்மையே. அவ்வமைதி பிறருடைய வாயைக் கட்டிப் பெற்ற அமைதி.

கட்டிய வாய் நெடுநாள் கட்டுண்டு கிடக்குமோ? 1854இல் கான்ஸாஸ், நெப்ராஸ்கா என்னும் புது நிலங்களில் அடிமை முறையைப் புகுத்த வழி திறக்கப்பட்டதும் விக் கட்சி சிதைந்தது. அடிமைத்தனம் பரவுதலை எதிர்க்கும் குடியரசுக் கட்சி தோன்றியது. 1856 மே 22ஆம் நாள், செனேட் சபை மண்டபத்திலேயே, தென்னாட்டுப் பிரதிநிதி பிரெஸ்டன் புரூக்ஸ் என்பவர் அடிமைத்தனத்தைக் கண்டித்த சார்லஸ் ஸம்னர் என்னும் செனேட்டரைக் கைத்தடியால் தலையுடைய அடித்தார். தனக்குள் பிளவுபட்ட வீட்டைப் பற்றிய நற்செய்தி உவமையை 1858இல் லிங்கன் எடுத்தாண்டு நாட்டை எச்சரித்தார். 1860இல் அவர் தேர்தலில் வென்றதைத் தென்னாடு ஏற்க மறுத்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1801இல் ஆடம்ஸ் மனக்கசப்போடேனும் செய்த செயலை 1860இல் தென்னாட்டார் செய்திலர். இரண்டிற்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே.

போருக்குப் பின் நிறைவேறிய மூன்று திருத்தங்கள் அடிமைத்தனத்தை ஒழித்தன. கறுப்பின மக்களைக் குடிகளாக்கின. 1870இல் இனம் பற்றி வாக்குரிமை மறுக்கப்படலாகாது என விதித்தன. அவ்வாண்டிலேயே மிஸிஸிப்பி மாகாணத்திலிருந்து ஹிராம் ரெவல்ஸ் என்னும் கறுப்பினப் பெரியார் செனேட் சபையில் அமர்ந்தார். ஆனால் 1876ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு 184 தெரிவாளர் வாக்கும், குடியரசுக் கட்சியின் ஹேஸுக்கு 165 வாக்கும் ஐயமின்றிக் கிடைக்க, 20 வாக்குகள் வழக்கில் நின்றன. பதினைவர் கொண்ட குழு ஒன்று எண்மருக்கு எழுவராகப் பிரிந்து, இருபதையும் ஹேஸுக்கே அளித்தது. 185க்கு 184 என அவர் வென்றார். மீண்டும் போர் மூளுமோ என மக்கள் நடுங்கினர். போர் மூளவில்லை. தென்னாட்டு அரசாங்க மனைகளைக் காத்துநின்ற மத்தியப் படை 1877இல் விலக்கப்பட்டது. இரு கட்சியும் இணங்கின. நாடு பெருமூச்சு விட்டது. அவ்விணக்கத்தின் விலையைக் கொடுத்தவர், அந்தப் பேச்சில் இடம்பெறாத கறுப்பின மக்களே.

வாக்குச் சீட்டின் இரு முகம்

அக்காலத்தில் வாக்களித்த முறையை நாம் அறிந்தாலன்றிப் பின்வந்த சீர்திருத்தத்தின் அருமை விளங்காது. அரசாங்கம் வாக்குச் சீட்டு அச்சிடுவதில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர் பெயர்களை மட்டும் பல நிறத் தாள்களில் அச்சிட்டு வழங்கும். வாக்காளர் அச்சீட்டை ஏந்திச் சென்று பலரும் காணப் பெட்டியில் இடுவார். தாளின் நிறத்தைக் கண்டே அவர் எக்கட்சி என்பதை முதலாளியும் கட்சித் தரகரும் அறிவர். வாக்கை விலைக்கு வாங்கினோர், வாங்கிய பொருள் கைக்கு வந்ததா எனக் கண்ணால் கண்டு பணம் கொடுப்பர். நியூயார்க்கு நகரில் டாமனி ஹால் என்னும் கட்சி ஸ்தாபனத்தின் தலைவராகிய டுவீட், இத்தகைய முறைகளால் நகரத்தின் கருவூலத்தையே கொள்ளையிட்டார். தாமஸ் நாஸ்ட் என்பவர் வரைந்த கேலிச் சித்திரங்கள் அவர் வீழ்ச்சிக்குத் துணை செய்தன. 1878இல் டுவீட் சிறையில் மாண்டார்.

ஆஸ்திரேலியாவில் 1856இல் தொடங்கிய முறை இதற்கு மருந்தாகக் காணப்பட்டது. எல்லா அபேட்சகர் பெயரையும் ஒரே தாளில் அரசாங்கமே அச்சிடும். வாக்களிக்கும் இடத்திலன்றி வேறெங்கும் அது கிடையாது. வாக்காளர் மறைவான இடத்திற் குறியிட்டு மடித்துப் பெட்டியில் இடுவார். 1888இல் மாஸசூஸெட்ஸ் மாகாணம் இதனைச் சட்டமாக்கியது; பத்தாண்டிற்குள் பெரும்பாலான மாகாணங்கள் பின்பற்றின. விலைகொடுப்பார்க்கு வாங்கிய பொருளைச் சரிபார்க்கும் வழி அடைபட்டது. ஏழையின் மனச்சான்றுக்கு ஒரு திரை கிடைத்தது.

ஆயின், அதே தாள் தென்னாட்டில் வேறு முகம் காட்டிற்று. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் குற்றமென்று பல தென்மாகாணங்களில் முன்னர்ச் சட்டம் இருந்தது. அங்ஙனம் எழுத்து மறுக்கப்பட்டோரின் கையில், பல பெயர் நிறைந்த தாளைக் கொடுத்துப் படித்துக் குறியிடுக என்றனர். ஆர்கன்ஸாஸ் மாகாணம் 1891இல் இவ்வழியைக் கைக்கொண்டது. மிஸிஸிப்பி தன் 1890ஆம் ஆண்டு அரசியலமைப்பில் தலைவரியையும், சட்டப் பகுதியைப் படித்தோ கேட்டோ பொருள் கூறவேண்டும் என்னும் தேர்வையும் புகுத்தியது. தேர்வில் யார் தேறினர் என்பதை முடிவு செய்வோர் வெள்ளை அதிகாரிகள். லூயிஸியானாவில் 1896இல் வாக்காளர் பட்டியலில் 130,334 கறுப்பினத்தார் இருந்தனர். 1898இல் புதிய அரசியலமைப்பு வந்தபின், 1900இல் எஞ்சியோர் 5,320 பேரே. இவற்றைத் தடுக்க 1890இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா, செனேட் சபையில் வெள்ளி நாணயத்தையும் சுங்க வரியையும் பற்றிய பேரங்களுக்கிடையே கைவிடப்பட்டது. இச்சட்டங்களை வகுத்தோரும் 'ஊழலை ஒழிக்கின்றோம், தேர்தலைத் தூய்மையாக்குகின்றோம்' என்றே கூறிக்கொண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு வாயிலை அடைக்க மறு வாயில்

நிற்க, உத்தியோகம் பற்றிய சீர்திருத்தத்தையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். தேர்தலில் வென்ற கட்சி பழைய உத்தியோகஸ்தரை நீக்கித் தன் ஆட்களை அமர்த்துதல் ஜாக்சன் காலமுதல் வழக்கமாயிற்று. போரில் வென்றவர் கொள்ளைப் பொருளைப் பங்கிடுதல் போல்வதே இதுவென வெளிப்படையாகவே பேசினர். 1881 ஜூலை 2ஆம் நாள், தூதரகப் பதவி கிடையாத ஏமாற்றத்தாற் சினங்கொண்ட கிட்டோ என்பவன், தலைவர் கார்பீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்திற் சுட்டான். செப்டம்பர் 19ஆம் நாள் அவர் மாண்டார். அடுத்துத் தலைவரான செஸ்டர் ஆர்தர், நியூயார்க்குக் கட்சி ஸ்தாபனத்தால் வளர்க்கப்பட்டவர்; அந்நகரச் சுங்க அதிகாரியாயிருந்து நீக்கப்பட்டவர். அத்தகையவரே 1883இல், பரீட்சையில் தேறினார்க்கே உத்தியோகம் என்னும் பெண்டில்டன் சட்டத்திற் கையொப்பமிட்டார். தீய முறையால் வளர்ந்தவரும் திருந்துதல் கூடும் என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

உத்தியோகஸ்தரிடம் கட்டாய நன்கொடை வாங்கலாகாது என்றும் அச்சட்டம் தடுத்தது. கட்சிகள் பணத்திற்குப் பெரிய கம்பெனிகளை நாடின. அதனைத் தடுக்க 1907இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. இங்ஙனமே அபேட்சகரைக் கட்சித் தலைவர் சிலர் அறைக்குள் அமர்ந்து முடிவு செய்தலைக் கண்டித்து, விஸ்கான்ஸின் மாகாணத்து லா பாலெட் என்பவர் முன்தேர்தல் முறையைக் கொணர்ந்தார். அபேட்சகரை மக்களே வாக்களித்துத் தெரிந்தெடுக்கும் அம்முறை அங்கே 1906இல் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரிகான் மாகாணத்தார் 1902இல் தாமே சட்டம் முன்மொழியும் உரிமையையும், 1908இல் தகாத அதிகாரியைத் திரும்ப அழைக்கும் உரிமையையும் பெற்றனர். 1913இல் செனேட் சபையினரையும் மக்களே நேரே தெரிந்தெடுக்குமாறு பதினேழாந் திருத்தம் வகை செய்தது. எனினும் தென்னாட்டிலோ, கட்சி என்பது தனியார் சங்கமே என்று சாதித்து, முன்தேர்தலில் வெள்ளையர்க்கே இடம் என விதித்தனர். அங்கு ஒரே கட்சி மேலோங்கியிருந்தமையால் முன்தேர்தலே உண்மைத் தேர்தல். 1944இல்தான் உயர்நீதி மன்றம் அம்முறை செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

பெண்டிர் வாக்குரிமை வரலாறு தனியே எழுதத்தக்கது. 1848இல் ஸெனகா பால்ஸ் என்னும் ஊரிற் கூடிய மாநாட்டில் எழுந்த கோரிக்கை, 1920இல் பத்தொன்பதாந் திருத்தமாய் நிறைவேறிற்று. முப்பத்தாறாவது மாகாணமாக டென்னெஸி இசைய வேண்டியிருந்தது. அச்சட்டசபையில் இருபத்து நான்கு வயதினரான ஹாரி பர்ன் என்பவர் எதிர்ப்பார் பக்கம் அமர்ந்திருந்தார். அவர்தம் சட்டைப் பையிலோ, பெண்டிர்க்கு வாக்களிக்குமாறு அன்னையார் எழுதிய கடிதம் இருந்தது. வாக்கெடுத்தபோது அவர் தம் பக்கத்தை விட்டு அன்னை சொற்படி நின்றார், திருத்தம் நிறைவேறிற்று. எழுபத்திரண்டு ஆண்டுப் போராட்டத்தின் முடிவு, கட்சிக் கட்டுப்பாட்டினும் மனச்சான்றை மதித்த ஓர் இளைஞரின் வாக்கால் அமைந்தது.

அமைதியும் அதன் பின் எழுந்த புயலும்

1950ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியல் அறிஞர் சங்கத்தின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையை இன்று படிப்போர் வியப்புறுவர். இரு கட்சிகளும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, வாக்காளர்க்கு உண்மையான தெரிவு இல்லை, கட்சிகள் தெளிவாக வேறுபடுதல் வேண்டும் என்பது அவ்வறிஞர் முறையீடு! அந்நாளைய கட்சிகள் இணங்கியிருந்தது உண்மையே. அவ்விணக்கத்தின் ஒரு காரணம், தென்னாட்டு வெள்ளையர் ஜனநாயகக் கட்சியிலேயே நிலைத்திருந்ததும், அவர்களைப் பகைக்க எவரும் துணியாததும் ஆகும்.

அவ்விணக்கம் 1964இல் குலைந்தது. குடியுரிமை மசோதாவைச் செனேட் சபையிற் பேசிப் பேசியே கொல்ல முயன்றோரின் பேச்சை நிறுத்த, ஜூன் 10ஆம் நாள் 71 பேர் வாக்களித்தனர். அவருள் 44 பேர் ஜனநாயகக் கட்சியார், 27 பேர் குடியரசுக் கட்சியார். 1965 மார்ச்சு 7ஆம் நாள் ஸெல்மா நகரப் பாலத்தில், வாக்குரிமை வேண்டி அமைதியாக நடந்து சென்ற கறுப்பின மக்களைக் காவற்படையினர் தடியால் அடித்து வீழ்த்தினர். ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிற்று. மிஸிஸிப்பியில் கறுப்பினத்தாருள் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளராக இல்லாதிருந்த நிலை மாறி, 1967இல் அறுபதின்மர் அளவு ஆயிற்று. இச்சட்டத்தின் ஒரு முதன்மையான பகுதியை 2013இல் உயர்நீதி மன்றம் செயலற்றதாக்கியது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இதன்பின் தென்னாட்டு வெள்ளையர் பலர் சிறிது சிறிதாகக் குடியரசுக் கட்சியிற் சேர்ந்தனர். கறுப்பின மக்கள் ஜனநாயகக் கட்சியில் நிலைத்தனர். முன்பு ஒவ்வொரு கட்சியிலும் கலந்திருந்த கருத்துடையார் இப்பொழுது தனித்தனியே பிரிந்தனர். முன்தேர்தலில் தீவிரமானவரே மிகுதியாக வாக்களித்தலும், ஆளுங்கட்சி தனக்கேற்பத் தொகுதி எல்லைகளை வளைத்து வகுத்தலும் பிளவை மேலும் வளர்த்தன. 1812இல் மாஸசூஸெட்ஸ் கவர்னர் கெரியின் காலத்தில் பல்லி போல் வளைந்த தொகுதி ஒன்று வகுக்கப்பட்டது முதல் இச்சூழ்ச்சி அந்நாட்டிற் பழகியதே. 2000ஆம் ஆண்டில் அரிசோனா மக்கள் தொகுதி வகுக்கும் அதிகாரத்தைத் தனிக் குழுவிடம் ஒப்புவித்தனர். 2016இல் மெயின் மாகாணத்து மக்கள் அபேட்சகரை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையை ஏற்றனர்.

இரு காட்சிகளை ஒப்பிட்டு இப்பகுதியை முடிப்போம். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் பிளோரிடா மாகாணத்தில் 537 வாக்கு வேற்றுமையால் அல் கோர் தோற்றார். உயர்நீதி மன்றமும் ஐவருக்கு நால்வராகப் பிரிந்து மறு எண்ணிக்கையை நிறுத்தியது. 2001 ஜனவரி 6ஆம் நாள், உபதலைவர் என்ற முறையில் அவையிற் றலைமை தாங்கித் தம் தோல்வியைத் தாமே அறிவித்தார் அவர். சரியாக இருபது ஆண்டு கழித்து, 2021 ஜனவரி 6ஆம் நாள், தோல்வியை ஏற்க மறுத்த தலைவர் டிரம்பின் ஆதரவாளர் கூட்டம் அதே மாளிகையுட் புகுந்து வாக்கெண்ணும் பணியைத் தடுத்தது. எனினும் மறுநாள் விடியுமுன் எண்ணிக்கை முடிந்தது. 1876ஆம் ஆண்டுக் குழப்பத்தால் 1887இல் எழுந்த பழைய எண்ணிக்கைச் சட்டத்தின் ஐயப்பாடுகளை இரு கட்சியாரும் கூடி 2022இல் திருத்தினர்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவன யாவை? கட்சியை ஒழித்தல் இயலாது என்பது ஒன்று; மாடிசனுக்கே இயலாதது பிறர்க்கு எங்ஙனம் இயலும்? தோல்வியை ஏற்கும் பண்பே குடியாட்சியின் அச்சாணி என்பது மற்றொன்று. 1801இல் மனம் கசந்து விடியுமுன் வண்டியேறிய ஆடம்ஸை நாம் நகைத்தல் ஆகாது. கசப்போடேனும் வண்டியேறினார் என்பதே அவர் பெருமை.

இவ்விரண்டினும் ஆழ்ந்த உண்மை மூன்றாவதொன்று உண்டு. கட்சிப் பூசலைக் கண்டு மனம் சலித்தோர், எவ்வாறேனும் அமைதி வந்தாற் போதும் என எண்ணுவர். அமெரிக்க நாட்டில் பூசல் மிக்க காலங்களிற் பெருந்தீங்கு நேர்ந்தது உண்மை. அமைதி நிலவிய 1836இலும் 1877இலும் நேர்ந்த தீங்கு அதனிற் சிறிதன்று. அத்தீங்கை அடைந்தோர்க்குச் சபையில் இடமில்லாமையால் அவர்தம் அழுகுரல் பூசலாகக் கேட்கவில்லை, அவ்வளவே. சீர்திருத்தமும் அத்தகையதே. மறைவாக இடும் ஒரே சீட்டு மாஸசூஸெட்ஸில் ஏழையைக் காத்தது. ஆர்கன்ஸாஸில் ஏழையை வெளியேற்றியது. ஆகவே ஒரு சீர்திருத்தத்தைக் கேட்டவுடன், 'இஃது எக்கட்சிக்கு நன்மை?' என வினவுவாரும், 'இதனாற் பூசல் தணியுமா?' என வினவுவாரும் இன்னும் ஒரு வினாவைக் கேட்டல் வேண்டும்: 'இதனால் யாருடைய கைக்கு வாக்குச் சீட்டு வருகின்றது? யாருடைய கையிலிருந்து போகின்றது?'

பிறர் கட்சியின் குற்றத்தைக் காணும் கண் நம் அனைவர்க்கும் கூரியது. தம் பக்கத்தின் குற்றத்தைக் கண்டு, சட்டைப் பையிலுள்ள கடிதத்தை நினைந்து, எழுந்து பக்கம் மாறி நிற்கும் துணிவு அரியது. அத்துணிவுடையார் ஒவ்வொரு கட்சியிலும் ஒரு சிலரேனும் உள்ளவரை, கட்சிகள் குடியாட்சிக்குத் துணையாக நிற்கும். கற்கும் பருவத்தினராகிய நாம் அத்துணிவை இப்பொழுதே பழகிக்கொள்ளுதல் நலமாம்.